சர்க்கரைக் கிடங்குப் பள்ளிக்கூடமும் என் மாப்பிள்ளையும்

ஓடிப்போய்விட்டாராம். எதற்கு ஓடினார், எந்தப் பக்கம் ஓடினார், எந்த மகராசி கண்ணால் பார்த்தாள்? எதிர்வீட்டு இஸ்திரிக்காரி பார்த்தாளாம். அவள் பெட்டியில் கரி போட்டு ஊதினால் புகை மட்டும் வராது, கதையும் சேர்ந்து வரும். மாமியார் தொல்லை தாங்காமல் மருமகன் வீட்டை விட்டு ஓடினான் என்று இந்தத் தெருவில் முதலில் சொன்னவள் அவள்தான். அதைத் தையல் கம்பெனிப் பெண்கள் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் இறக்கினார்கள். அங்கே கதைக்குக் கையும் காலும் முளைத்தன: மாமியார் அவனை வீட்டுக்குள் போட்டுப் பூட்டினாளாம். அதற்கும் அடுத்த தெருவில் போய்ச் சேர்வதற்குள் இன்னொருத்தி முளைத்துவிட்டாள். அவளோடுதான் போனானாம். அவள் யார், குட்டையா நெட்டையா என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது.

இப்போது பள்ளிக்கூடம் ஆண்டு மலர் போடுகிறது. விவரம் கேட்க வந்த சின்ன டீச்சர் என்னிடமே கேட்கிறாள்: "பாட்டி, அந்தக் காலத்துல அதிகாரி பார்வையிட வந்த அன்னிக்கு ஒருத்தர் வேலைக்கே வரலையாமே? புதுக் கட்டடம் திறந்ததும் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாராமே? அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரிஞ்சவர்தான். என் மக புருஷன். உட்காரு, எழுதிக்கோ," என்றேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லத் தெரியும். நான் சொன்ன வரிசையிலேயே போடவேண்டும், நடுவில் வெட்டக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. என் மாப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் வேலைக்குச் சேர்க்கவே இல்லை. அவர் கட்டடத்தோடு வந்தவர்.

இன்றைக்கு மூன்று மாடியும் ஆய்வுக்கூடமும் விளையாட்டுத் திடலுமாக நிற்கிற மேல்நிலைப் பள்ளி, பிறந்தது தெருக்கோடியில் இருந்த சர்க்கரைக் கிடங்கில். தகரக் கூரை, உயர்ந்த சுவர், ஒரே ஒரு பெரிய வாசல், நடுவில் ஒரு தூண் கூடக் கிடையாது. மாப்பிள்ளை அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை வரத்து நின்றுபோய், வெறும் கிடங்கை என்ன செய்வது என்று முதலாளி விழித்துக்கொண்டிருந்த சமயம், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு நடத்த இடம் தேடி அலைந்த தலைமையாசிரியை, எங்களுக்கெல்லாம் பெரிய டீச்சர், போய்க் கேட்டார். முதலாளி நல்ல மனுஷர். "கிடங்கை எடுத்துக்குங்க டீச்சர். காவலுக்கு என் ஆள் இருப்பான், அவன் சம்பளம் என் பொறுப்பு. ஆனா நீங்க காலி பண்ற அன்னிக்கு நான் கிடங்கை வித்துடுவேன், அப்புறம் கேக்கக் கூடாது," என்றார். அந்த 'என் ஆள்'தான் என் மாப்பிள்ளை. அவர் கிடங்கின் ஆள், பள்ளிக்கூடத்தின் ஆள் இல்லை. இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தது ஒன்றும் விளங்காது.

சர்க்கரை போனாலும் எறும்பு போகவில்லை. முதல் வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டே வாய்ப்பாடு சொன்னார்கள். எறும்பைக் கூட்டித் தள்ளிய மாப்பிள்ளையின் கை அதோடு நிற்கவில்லை. அந்தக் கை நின்றால்தானே? கல்யாணமான புதிதில் "உட்காருங்க மாப்பிள்ளை" என்றால் உட்காருவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, செம்பை ஒரு விரற்கடை தள்ளி வைப்பார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர்கள் உண்டு. இவர் கையிலும் கட்டிக்கொண்டு பிறந்தவர்.

கிடங்கு ஒரே கூடம் அல்லவா? வகுப்புகளைப் பிரிக்க ஒட்டுப்பலகையில் தட்டிகள் செய்து, அடியில் கால் வைத்து நிறுத்தினார்கள். அந்தத் தட்டிகள் மாப்பிள்ளையின் கைக்கு வந்தன. மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை அட்டி போடுவது என்பார்கள். அட்டி போடுகிறவனுக்கு ஒரே நினைப்புதான்: இன்னும் ஒரு மூட்டை வந்தால் எங்கே வைப்பது? மூட்டையைத் திருப்பி அனுப்பியவன் நல்ல சுமைகாரன் இல்லை. மாப்பிள்ளை பிள்ளைகளையும் அப்படியே பார்த்தார். சேர்க்கைக்கு ஆள் வந்து நின்று, டீச்சர்கள் இடம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தால் போதும், "கொஞ்சம் இருங்க டீச்சர்" என்று சுண்ணாம்புக் கட்டியோடு ஓடுவார். தரையில் கோடு கிழிப்பார். தட்டியைத் தூக்கி அந்தக் கோட்டில் வைப்பார். உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்து, "நகரு, கொஞ்சம் நகருப்பா, நீயும் நகரும்மா" என்பார். ஒரு பெஞ்சு போடுகிற இடம் எங்கிருந்தோ வந்துவிடும். பிள்ளைகள் அவருக்கு 'நகரு அண்ணன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கிடங்குச் சட்டமெல்லாம் அவருக்குப் பள்ளிக்கூடத்திலும் சட்டம். கனமானது சுவரோரம் என்பார். அதனால் எட்டாம் வகுப்பு சுவரோரம். முதலில் வெளியே போகவேண்டியது வாசலோரம் என்பார். அதனால் சீக்கிரம் விடுகிற ஆறாம் வகுப்பு வாசலோரம். வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகள் பெருகினார்கள். ஆறாம் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது, பிறகு ஏழும் பிரிந்தது, எட்டும் பிரிந்தது. கிடங்கு அதே கிடங்குதான், ஒரு சாண் வளரவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் டீச்சர் கேட்ட கேள்விக்கு அந்தப் பக்கத்துப் பையன் எழுந்து பதில் சொல்வான். அதுவும் சரியாக இருந்துவிட்டால் இரண்டு டீச்சருக்கும் சண்டை வரும், யார் சொல்லிக்கொடுத்தது என்று.

இதெல்லாம் சிரிப்பு. எட்டாம் வகுப்பு முடிகிற இடத்தில் சிரிப்பும் முடிந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகவேண்டும், இரண்டு பஸ் மாறி. ஆண் பிள்ளைகளை அனுப்பினார்கள். பெண் பிள்ளைகள் எட்டு முடித்ததும் நேராகத் தையல் கம்பெனிக்குப் போனார்கள். என் மகளும் அங்கேதான், சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பாள். என் பேத்தி, அவர்களுடைய ஒரே பெண், அப்போது ஏழாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பெண். மேலே படிக்கவேண்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்டதில்லை. ஆனால் அம்மா கம்பெனியிலிருந்து வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அந்தப் பெண் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடும். அதை அவள் அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார்.

பெரிய டீச்சரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்பதும் பத்தும் வேண்டும், உயர்நிலைப் பள்ளியாக்கவேண்டும், அதற்குக் கட்டடம் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டு நடையாய் நடந்தார். ஒருவழியாக, நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். பேத்தி அப்போது எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள்.

அதிகாரி வருகிறார் என்றதும் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டில் இல்லை. தரையைக் கழுவினார். தட்டிகளுக்கு வர்ணம் அடித்தார். எல்லா வகுப்பையும் கலைத்துப் புதிதாக அட்டி போட்டார். பெஞ்சுகளைக் குறுக்காகப் போட்டுப் பார்த்தார், நெடுக்காகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் என்ன மாயம் செய்தாரோ, அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்தது போக ஒரு மூலை மிச்சமாகிவிட்டது. அதில் ஒரு மேஜை போட்டு, துணி விரித்து, பூச்செடித் தொட்டி ஒன்றும் வைத்தார். திங்கட்கிழமை அதிகாரி வந்தார். வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். "அடேயப்பா, எவ்வளவு தாராளமா வெச்சிருக்கீங்க! எத்தனையோ இடத்துல இதுல பாதி கூட இல்லை," என்று சொல்லி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த வருகையைப் பார்க்கவேண்டுமே. "அத்தை, அதிகாரி கை குடுத்தாரு அத்தை! இந்தக் கையி!" என்று என் முன்னால் நீட்டினார்.

"அப்படியே வெச்சிருங்க, கழுவிடாதீங்க," என்றேன்.

பதில் வந்தது. பெரிய டீச்சர் அவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். இப்போதுள்ள இடமே தாராளமாக இருக்கிறது, புதுக் கட்டடத்துக்கு அவசியம் இல்லை, கட்டடம் இல்லாமல் மேல் வகுப்புக்கும் அனுமதி இல்லை. அவ்வளவுதான்.

"தாராளமா இருக்குன்னா நல்லதுதானே டீச்சர்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"நல்லாத்தான் செஞ்சீங்க. அதனாலதான் கெட்டுப்போச்சு," என்றாராம் பெரிய டீச்சர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மகள் விடுவாளா? "ஊர்ல ஒவ்வொருத்தன் பொண்ணுக்கு இடம் தேடறான். நீங்க இடம் இருக்குன்னு காட்டி உங்க பொண்ணை வெளியே தள்ளிட்டீங்க," என்றாள். அது சுட்டுவிட்டது. நான் நடுவில் புகுந்து, "கம்பெனியில ஊசி குத்தற கோவத்தை வீட்டுல காட்டாதேடி," என்றேன். பிறகு அவளும் அழுதாள்.

அந்த வருஷம் எட்டாம் வகுப்பு முடித்த பெண்களைப் பெரிய டீச்சர் வீட்டுக்கு அனுப்பவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் கம்பெனி இழுத்துக்கொள்ளும், கம்பெனி இழுத்தால் திரும்ப வராது என்று அவருக்குத் தெரியும். "இன்னொரு தரம் எட்டுலயே உக்காருங்கடி, வண்டி வர்ற வரைக்கும்," என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார். தேறிய பெண்கள் தேறாதவர்கள் மாதிரி அதே பாடத்தை மறுபடி படித்தார்கள். தெருவில் அதற்கு 'ஃபெயில் பெஞ்சு' என்று பெயர். இஸ்திரிக்காரி என் பேத்தியைப் பார்த்து, "என்னம்மா, எட்டாங்கிளாஸ் அவ்வளவு பிடிச்சுப்போச்சா?" என்பாள். பேத்தி பதில் பேசாமல் நடக்கும். அவள் அப்பா பின்னால் இரண்டடி தள்ளி, தானே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது போலக் குனிந்து நடப்பார்.

என் மகள் ஒரு கெடு வைத்தாள். இந்த ஒரு வருஷம்தான். அதற்குள் ஒன்பது வராவிட்டால், கம்பெனி மேற்பார்வையாளரிடம் சொல்லியாகிவிட்டது, பெண்ணுக்கும் ஒரு மெஷின் தயார்.

பெரிய டீச்சர் மறுபடி கேட்டார், மறுபடி நடந்தார். அதிகாரி மறுபடி வருகிறார் என்று சேதி வந்தது. இந்தத் தரம் டீச்சர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி இல்லை, பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீங்க வரக் கூடாது," என்றார் மாப்பிள்ளையிடம்.

"வரலைன்னா தட்டியெல்லாம் யாரு நிறுத்தறது?"

"யாரும் நிறுத்த வேண்டாம். எப்படி இருக்கோ இருக்கட்டும்."

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "டீச்சர், இல்லாத இடத்தை இருக்குன்னு காட்டினேன், தப்புதான். இப்ப இருக்கற இடத்தை இல்லைன்னு காட்டறது மட்டும் சரியா? பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லித் தர்றீங்க?"

பெரிய டீச்சர் யோசித்தார். அவருக்கு அவசரமே வராது. "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா அந்தக் கிடங்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"நாறிப்போயிடும்."

"அதான் பள்ளிக்கூடம். மத்த நாள்ல இருக்கறது நீங்க. ஒரு மனுஷனை நம்பி இத்தனை பிள்ளைங்களை உக்கார வெச்சிருக்கேன். அதை அவங்க பாக்கட்டும்."

இவர் கேட்டுக்கொண்டே என் மிளகாய் டப்பாவை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "கட்டடம் வந்தா நீங்க கிடங்கைக் காலி பண்ணிடுவீங்க," என்றார்.

"ஆமா."

"முதலாளி வித்துடுவாரு."

"ஆமா." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "புதுப் பள்ளிக்கூடத்துல உங்களை வெச்சுக்க நான் கேட்டுப் பார்த்துட்டேன். பத்தாவது தேறினவங்களைத்தான் எடுப்பாங்களாம். நீங்க அஞ்சாவது."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பேத்திக்கு ஒன்பதாம் வகுப்பு வந்தால் மாப்பிள்ளைக்கு வேலை போகும். மாப்பிள்ளைக்கு வேலை நிலைத்தால் பேத்திக்குத் தையல் மெஷின். மாப்பிள்ளை மிளகாய் டப்பாவைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு என்னைக் காட்டி, "என்னால சும்மா இருக்க முடியாது டீச்சர். காலு தானா வந்துடும். அத்தைகிட்ட சொல்லிட்டுப் போங்க," என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

இதோ, இஸ்திரிக்காரியின் கதை பிறந்த நாளுக்கு வந்துவிட்டேன்.

அதிகாரி வருகிற அன்று காலையிலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பக்க நிலைச்சட்டத்தில் முதுகு, எதிர் நிலையில் பாதம், நடுவில் என் இரண்டு காலும். பூட்டாவது கீட்டாவது! என் வீட்டுக் கதவுக்குப் பூட்டே கிடையாது. என் கால்தான் தாழ்ப்பாள். மாமியார் காலைத் தாண்டுகிற மருமகன் இல்லை அவர்.

கிடங்கு தெருக்கோடியில்தானே, சத்தம் கேட்கும். மணி அடித்ததும் கேட்டதே ஒரு இரைச்சல், சந்தை தோற்றது. மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டினார். "அத்தை, ஏழாவது வாசல்ல நிக்குது. ஆறாவதை உள்ளே தள்ளிட்டாங்க. அடப்பாவிங்களா, அது எப்படி வெளியே வரும்?"

"வர்ற வழியில வரும். உக்காருங்க."

உட்காரவில்லை. என் அடுக்களையில் புகுந்தார். பாத்திரத்தையெல்லாம் இறக்கினார். பெரியது சுவரோரம், சிறியது முன்னால். கட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் விட்டார். துணிக் கொடியை அவிழ்த்து வேறு மூலையில் கட்டினார். இஸ்திரிக்காரி வண்டியைத் தள்ளி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே டமார் டமார் என்று சத்தம், வாசலில் நான் காலை நீட்டிக்கொண்டு.

"என்னக்கா, உள்ளே சண்டையா?"

"உன் வேலையப் பாரு, சட்டை கருகுது."

கருகத்தான் செய்தது. அந்தக் கோபத்தில் அவள் தெருவுக்குச் சொன்னதுதான், பின்னால் அடுத்த தெருவில் போய் மாமியார் மருமகனைப் பூட்டிவைத்த கதையாயிற்று.

திடீரென்று இரைச்சல் அடங்கியது. அதிகாரி வந்துவிட்டார். மாப்பிள்ளை என் காலுக்கு முன்னால் வந்து நின்றார். வேர்வை கொட்டுகிறது. "அத்தை, எட்டாவதுகிட்ட இருக்கற தட்டி ஒரு கால் ஆடும். நான் முட்டுக் குடுத்து வெச்சிருந்தேன். பிள்ளைங்க மேல சாஞ்சுட்டா?"

"சாயாது."

"சாயும். நான் ஓடிப்போய் அது ஒண்ணை மட்டும் நிறுத்திட்டு வந்துடறேன்."

"அது ஒண்ணை நிறுத்துவீங்க. அப்புறம் பக்கத்துல இருக்கறதை. சாயங்காலம் அதிகாரி கை குடுப்பாரு. நாளைக்கு உங்க பொண்ணு கம்பெனிக்குப் போவா. போறீங்களா? போங்க. தாண்டிப் போங்க."

அவர் தாண்டவில்லை. கீழே உட்கார்ந்தார். என் மகளைக் கட்டிய நாளிலிருந்து அவர் எதையும் நகர்த்தாமல் உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கைகளை மடியில் போட்டு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் நான் காலை மடக்கவில்லை.

சாப்பாட்டு வேளைக்குப் பேத்தி மூச்சிரைக்க வந்தாள். தட்டி சாய்ந்ததாம். பிள்ளைகள் மேல் இல்லை, அதிகாரியின் தோள் மேல். அடி ஒன்றுமில்லை, சட்டையெல்லாம் சுண்ணாம்பு. நடக்க வழியில்லாமல் பெஞ்சு பெஞ்சாகத் தாண்டிப் போனாராம். ஃபெயில் பெஞ்சுக்கு வந்து, "நீங்கள்லாம் தேறலையா?" என்று கேட்டிருக்கிறார். என் பேத்தி எழுந்து, "தேறிட்டோம் சார். போறதுக்கு வகுப்பு இல்லை," என்றாளாம். வாயே திறக்காத பெண்! அப்போதுதான் அதிகாரி பெரிய டீச்சரிடம் திரும்பி, "போன தரம் எல்லாம் நல்லா இருந்துச்சே, ஒருத்தர் இருந்தாரே, எங்கே அவரு?" என்று கேட்டாராம்.

பெரிய டீச்சர் சொன்ன பதிலைப் பேத்தி அப்படியே சொன்னாள்: "போன தரம் நீங்க பார்த்தது அவரை. இன்னிக்குப் பாக்கறதுதான் சார் பள்ளிக்கூடம்."

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தட்டி உடைஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அனுமதி வந்தது. கட்டடம் எழும்பும்வரை ஒன்பதாம் வகுப்பைக் கிடங்கிலேயே நடத்தலாம் என்றும் வந்தது. ஒன்பதுக்கு அங்கே எங்கே இடம்? மாப்பிள்ளை சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார். "நகரு, கொஞ்சம் நகரு" என்று அந்தக் கூடத்திலிருந்து இன்னொரு வகுப்பைப் பிழிந்து எடுத்தார். சுவரோரத்திலிருந்த எட்டாம் வகுப்பு ஒரு வரிசை முன்னால் வந்தது. ஃபெயில் பெஞ்சு அப்படியே சுவரோரம் போய் ஒன்பதாம் வகுப்பின் முதல் பெஞ்சு ஆயிற்று. பெஞ்சை அவரே தூக்கிக்கொண்டு போனார், பெண்கள் பின்னாலேயே நடந்தார்கள். என் மகள் அன்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வாசலில் நின்று பார்த்தாள். மேற்பார்வையாளர் அந்த மெஷினை வேறு யாருக்கோ கொடுத்துக்கொள்ளட்டும் என்றாள்.

பின்னால் இருந்த பொட்டல் திடலில் கட்டடம் வளர்ந்தது. கம்பி கட்டினார்கள், சுவர் எழுப்பினார்கள். வேலைக்காரர்கள் போன பிறகு மாப்பிள்ளை போய் ஒவ்வொரு அறையாகச் சுற்றுவார். ஒரு நாள் நானும் போனேன். பூசின சுவரில் கையை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, நகருதா?"

"நகராது அத்தை." சிரித்தார். சந்தோஷமாகத்தான் சிரித்தார் என்று நினைக்கிறேன். "இங்கே எனக்கு வேலையே இல்லை."

திறப்பு விழாவில் அவருக்கு மேடையில் இடம் தரவில்லை, அந்தக் கோபத்தில் போனார் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர் விழாவுக்கே போகவில்லை. பெரிய டீச்சர் கூப்பிட்டார், நானும் கூப்பிட்டேன். கிடங்கைக் கூட்டிக் கழுவி முதலாளியிடம் சாவி கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது தரையில் இருந்த சுண்ணாம்புக் கோடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிலது போகவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, வருஷத்துக்கு வருஷம் கிழித்த கோடுகள், தரைக்குள்ளேயே இறங்கிவிட்டன.

சாவி கொடுத்த பிறகு வீடு நரகம். சும்மா இருக்கிற கை, என் வீட்டைக் குதறியது. காலையில் வைத்த அரிசி டப்பா மத்தியானம் அங்கே இருக்காது. கட்டில் தினம் ஒரு பக்கம். ராத்திரி எழுந்தால் எந்தப் பக்கம் வாசல் என்று தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டேன். "மாப்பிள்ளை, நானும் ஒரு மூட்டைன்னு என்னையும் தூக்கி எங்கேயாவது அடுக்கிடுங்க, நிம்மதி," என்று கத்தினேன். அதுவும் இஸ்திரிக்காரி காதில் விழுந்தது. மாமியார் தொல்லைக் கதைக்கு அது போதாதா?

வேறு கிடங்குகளில் மூட்டை தூக்கிப் பார்த்தார். நிற்கவில்லை. மூட்டை பேசாதாம், 'நகரு' என்றால் சிரிக்காதாம். என் மகள் முகம் மறுபடி சுருங்க ஆரம்பித்தது. பேத்தி பத்தாம் வகுப்பில், புதுக் கட்டடத்தில். ஒரு சம்பளத்தில் எவ்வளவு நாள்? கம்பெனிப் பேச்சு மறுபடி வீட்டுக்குள் தலை நீட்டியது.

அந்தச் சமயத்தில்தான் தட்டி விழுந்த தோளோடு போன அதிகாரி பெரிய டீச்சர் மூலம் சொல்லியனுப்பினார். தூரத்தில், பழைய பஸ் பழுது பார்க்கிற கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறார்கள். கட்டடம் வர வருஷங்கள் ஆகும். அதுவரை இடம் பண்ணிக்கொடுக்க அந்த மனுஷர் வருவாரா? அங்கேயே தங்கவேண்டும், சம்பளம் உண்டு. அது முடிந்தால் அதுபோல இன்னொரு கொட்டகை.

மாப்பிள்ளை உடனே சரி சொல்லவில்லை. ஒரு நிபந்தனை போட்டார். "முதல்ல அதிகாரி போய்ப் பாக்கணும். நான் இல்லாதப்ப எப்படி இருக்குன்னு பாத்து, கட்டடம் வேணும்னு எழுதிடணும். அப்புறம்தான் நான் தட்டியத் தொடுவேன்."

அதிகாரி சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாராம். போய்ப் பார்த்து, எழுதியும் விட்டாராம்.

இன்னொருத்தியாம்! அந்த இன்னொருத்தி தகரக் கூரையும் எண்ணெய்க் கறையுமாக இருந்த கொட்டகைதான். போதுமா?

அவர் போன நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். காலையில் எழுந்ததும் பார்த்தேன், அவர் பை வாசலோரம் இருந்தது. முதலில் வெளியே போகவேண்டியது வாசலோரம். என் மகள் காலையிலேயே கம்பெனிக்குப் போகவேண்டும். போகிற போக்கில் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "கடுதாசி போடுங்க, பொண்ணு படிச்சுக் காட்டுவா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிறகு பேத்தி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அவள் திடலைத் தாண்டி, படியேறி, உள்ளே மறைகிறவரை மாப்பிள்ளை ஜன்னலில் நின்றார். கடைசியில் மிஞ்சினது நாங்கள் இரண்டு பேரும்தான்.

நான் போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். முதுகு ஒரு நிலையில், பாதம் எதிர் நிலையில்.

பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "அத்தை, காலை எடுங்க."

"அரிசி டப்பா எங்கே?"

"ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம். அங்கே ஈரம் அடிக்காது. இனிமே யாரும் மாத்த மாட்டாங்க."

"நல்லா இருக்கு," என்றேன். "போங்க மாப்பிள்ளை."

நான் காலை மடக்கினேன். அவர் இறங்கினார். எதிரே இஸ்திரிக்காரி கரியை ஊதிக்கொண்டே, "என்ன, பையும் கையுமா கிளம்பியாச்சு? திரும்பி வர்ற எண்ணம் உண்டா?" என்றாள். மாப்பிள்ளை பையைக் கீழே வைத்தார். "வண்டி வெயில்ல நிக்குதுக்கா. கொஞ்சம் நகருங்க," என்று சொல்லி, அவள் வண்டியைத் துணி, பெட்டி எல்லாவற்றோடும் சுவர் நிழலுக்குத் தள்ளி நிறுத்தினார். சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, கையை வீசி நடந்து போனார்.